பதில் வராத சர்வர்

நேயர்களுக்கு வணக்கம்.

நள்ளிரவில் வங்கிச் செயலியைத் திறந்து யாருக்கோ பணம் அனுப்புகிறீர்கள். அதே நொடியில் எங்கோ ஒரு சர்வர், அதாவது உங்கள் செயலிக்குப் பதில் தரும் கணினி, கருகிப் போயிருக்கலாம். உங்களுக்கு அது தெரியாது. திரையில் அந்தச் சின்னச் சக்கரம் வழக்கத்தைவிட இரண்டு சுற்று கூடுதலாகச் சுற்றியிருக்கும், அவ்வளவுதான். அந்த இரண்டு சுற்றுக்குள் நடப்பதைத்தான் பேச வந்திருக்கிறேன்.

இயந்திரம் பழுதாகத்தான் செய்யும். வட்டு தேயும், மின்விசிறி நிற்கும். அதனால் ஒரே வேலைக்குப் பல சர்வர்களைச் சேர்த்துக் கட்டுகிறோம். இதுதான் கிளஸ்டர். யோசனை பழையது. 1974-இல் தொடங்கிய டாண்டம் நிறுவனம் ‘நான்ஸ்டாப்’ என்ற பெயரிலேயே இத்தகைய கணினிகளை விற்றது.

ஒன்று விழுந்தால் மற்றொன்று தோள் கொடுக்கும். இணையப் பக்கங்களைக் காட்டும் சர்வர்களுக்கு இது எளிது: வருபவர்களைப் பகிர்ந்து அனுப்ப முன்னால் நிற்கும் லோடு பேலன்சர், விழுந்த சர்வரின் பக்கம் யாரையும் அனுப்பாது. தலைவலி தரவுத்தளத்தில்தான் தொடங்குகிறது. கணக்கு எழுதும் கை பெரும்பாலும் ஒன்றாகவே இருக்க வேண்டும்.

சரி, அந்தக் கை விழுந்துவிட்டது என்று எப்படித் தெரியும்? சர்வர்கள் நொடிக்கொரு முறை ‘இருக்கிறேன்’ என்று ஒன்றுக்கொன்று செய்தி அனுப்பும். இதயத்துடிப்பு என்பார்கள். சில துடிப்புகள் தொடர்ந்து வராவிட்டால் போய்விட்டதாகக் கொள்ள வேண்டும். ஆனால் அந்தச் சர்வர் வேலைப்பளுவில் திணறிக்கொண்டிருக்கலாம். நடுவில் கேபிள் கழன்றிருக்கலாம். வெளியிலிருந்து பார்த்தால் எல்லாம் ஒன்றுபோலவே இருக்கும்.

நான் முதன்முதலில் அமைத்த கிளஸ்டரில் இரண்டே சர்வர்கள். ஒரு மாலை யாரோ தூசு தட்டியபோது இரண்டுக்கும் இடையிலிருந்த கேபிள் கழன்றது. இரண்டும் நலமாகத்தான் இருந்தன. ஆனால் காத்திருந்த சர்வர், ‘முன்னவன் போய்விட்டான், இனி நான்தான்’ என்று பொறுப்பை எடுத்துக்கொண்டது. பாதிப் பேர் இதில் எழுத, மீதிப் பேர் அதில் எழுத, காலையில் வந்து பார்த்தால் ஒரே ரசீது எண் இரண்டு வாடிக்கையாளர்கள் பெயரில் இருக்கிறது. எது சரி? இரண்டுமே சரி, அதுதான் கொடுமை. ஒவ்வொரு ரசீதாகப் பிரித்துச் சேர்க்க மூன்று நாள் ஆனது. மூளைப் பிளவு என்று இந்த நோய்க்குப் பெயர். சர்வர் ஒரேயடியாகச் செத்திருந்தால் ஒரு மணி நேரத்தில் வேலை முடிந்திருக்கும்.

இதற்கு ஒரு மருந்து, பெரும்பான்மை. மூன்று சர்வர்களில் இரண்டு ஒப்புக்கொண்டால்தான் தலைமை கிடைக்கும். தனித்துப் போனது எவ்வளவு நலமாக இருந்தாலும் வாயை மூடிக்கொண்டிருக்க வேண்டும். ஐந்து இருந்தால் இரண்டு விழலாம். நான்கு வாங்கினால்? பெரும்பான்மைக்கு மூன்று தேவை. ஆக, ஒன்றுதான் விழலாம். மூன்று சர்வர்களே அந்தப் பாதுகாப்பைத் தந்துவிடும். கணினி அறிஞர் லெஸ்லி லாம்போர்ட் 1998-இல் வெளியிட்ட, சர்வர்கள் ஒருமித்து முடிவெடுப்பதற்கான பேக்சாஸ் முறை இந்தப் பெரும்பான்மையின் மீதுதான் நிற்கிறது. அதைப் படித்தவர்களில் பலர் புரியாமல் தலையைச் சொறிந்தார்கள், நானும்தான். 2014-இல் அதே வேலைக்கு வந்த ராஃப்ட் முறை, எளிதில் புரிய வேண்டும் என்பதற்காகவே உருவாக்கப்பட்டது.

இன்னொரு மருந்து முரட்டுத்தனமானது. சந்தேகம் வந்தால் முதலில் பழைய சர்வரின் மின்சாரத்தைத் துண்டித்துவிட வேண்டும். பிறகே பொறுப்பேற்க வேண்டும். ‘ஸ்டோனித்’ என்று இதைச் சொல்வார்கள். விரித்தால், ‘அடுத்தவன் தலையில் சுடு’ என்று பொருள். பெயர் வைத்தவர் என்னைப்போல் ரசீது பிரித்தவராக இருக்க வேண்டும்.

இத்தனை இருந்தும் சறுக்கும். 2018 அக்டோபர் 21 அன்று, வழக்கமான பராமரிப்பின்போது, அமெரிக்காவின் கிழக்குக் கரையில் மென்பொருள் நிரல்களைச் சேமித்துப் பகிர உதவும் கிட்ஹப் நிறுவனத்தின் இணைப்பு 43 நொடிகள் அறுந்தது. தானியங்கி ஏற்பாடு தன் கடமையைச் செய்தது. பெரும்பான்மை பார்த்து, தலைமையை மேற்குக் கரைக்கு மாற்றியது. ஆனால் மேற்குக்குப் போய்ச் சேராத சில பதிவுகள் கிழக்கிலேயே தங்கிவிட்டன. மேற்கிலோ புதிய பதிவுகள் குவியத் தொடங்கிவிட்டன. சேவை முழுமையாகச் சீராக 24 மணி நேரத்துக்கு மேல் ஆனது.

கொஞ்சம் பொறுத்திருக்கலாமே என்று நமக்குத் தோன்றும். எத்தனை நொடி பொறுப்பது? 99.999 சதவீதம் இயங்கும் என்று ஒப்பந்தம் போட்டவருக்கு சேவை நின்றுபோக ஆண்டு முழுவதற்குமே 5 நிமிடத்துக்குச் சற்று அதிகமாகத்தான் கிடைக்கும். அவர் அவசரப்படத்தான் செய்வார். இருந்தாலும், பணக் கணக்கு என்றால் நான் பொறுக்கவே சொல்வேன். வாடிக்கையாளர் திட்டினால் வாங்கிக்கொள்ளலாம்.

மாற்று சர்வர் நிஜமாகவே எழுமா என்பதைச் சோதித்துத்தான் அறிய வேண்டும். மாதம் ஒருமுறை, பட்டப்பகலில், எல்லோரும் விழித்திருக்கும்போது முதன்மைச் சர்வரின் மின்கம்பியை நானே பிடுங்குகிறேன். முதல் முறை பிடுங்கியபோது அடுத்தது எழவே இல்லை. யாரோ கடவுச்சொல்லை ஒரு பக்கம் மட்டும் மாற்றியிருந்தார்கள். இப்போதெல்லாம் 12 நொடியில் எழுந்துவிடுகிறது. கம்பியைப் பிடிக்கும்போது கை நடுங்குவது மட்டும் இன்னும் நிற்கவில்லை.

வணக்கம்.