காணியும் காசும் கையில் கொடுங்கள்

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, வியாசர்பாடிப் பெரியோர்களே, தாய்மார்களே, வணக்கம். போரில் சிதைந்த யாழ்ப்பாணத்தை முன்வைத்து இன்றைய தலைப்பு: திரும்பி வரும் மக்களுக்கு அரசே வீடு கட்டித் தருவதா, காணியையும் காசையும் தந்து அவர்களையே கட்டவிடுவதா? அவர்களையே கட்டவிடுங்கள் என்கிறது எங்கள் அணி.

எதிரணித் தலைவர், "சாவியைக் கொடுத்தால் வேலை முடிந்தது" என்றார். ஐயா, இலங்கையின் வடக்கு கிழக்குக்கு 65,000 இரும்பு வீடுகள் தருவதாக 2016இல் ஒரு திட்டம் பேசப்பட்டதே, அதுவும் சாவித் திட்டம்தான். ஒரு வீடு சுமார் 21 லட்சம் இலங்கை ரூபாய். அங்கேயே எதிர்ப்பு எழுந்தது. வெயிலில் கொதிக்கும், உப்புக்காற்றில் துருவேறும், நாளைக்கு ஓர் அறை கூட்டலாம் என்றால் ஊர் மேசன் அதில் கைவைக்க முடியாது.

அதே மண்ணில் இந்திய வீட்டுத் திட்டத்தைப் பாருங்கள். மொத்தம் 50,000 வீடுகளில் 46,000 வடக்கு கிழக்கில்; அதில் பெரும்பகுதியை உரியவர்களே கட்டினார்கள். வீட்டுக்கு 5.5 லட்சம் இலங்கை ரூபாய், 550 சதுர அடி அளவு. பணம் நேராக வங்கிக் கணக்குக்குத் தவணையாக வந்தது. ஒரு கட்ட வேலையைப் பார்வையிட்ட பிறகுதான் அடுத்த தவணை.

"கடன்பட்டார்களே!" என்றார் எதிரணி அம்மா. பட்டார்கள் அம்மா, மறுக்கவில்லை. ஆனால் எங்கே பட்டார்கள்? அத்திவாரத்தில்! அங்கே வீடு மகளுக்குச் சீதனம். அதை நினைத்து அத்திவாரத்தைப் பெரிதாகப் போட்டால், சுவருக்கான காசை அது தின்றுவிடும். சுவர் எழும்பாமல் அடுத்த தவணை வராது. நகை அடகுக்குப் போகும். இன்னொன்று, ஊரே ஒரே நேரத்தில் கட்டுவதால் மணல் விலையும் மேசன் கூலியும் ஏறும். தவணைத் தொகை ஏறாது. இதற்கு மருந்து உண்டு. குழி வெட்டுமுன் தொழில்நுட்ப உதவியாளர் வந்து கயிறு பிடித்து அளவைக் குறிக்கட்டும். பின்னால் அறை சேர்க்க ஒரு பக்கச் சுவரில் கல்லைப் பல்போல நீட்டி நிறுத்தட்டும். மணலையும் சீமெந்தையும் இருபது குடும்பம் சேர்ந்து மொத்தமாக வாங்கட்டும். விலை ஏறினால் தவணையும் ஏறட்டும்.

மலசலகூடக் குழியைக் கிணற்றிலிருந்து தள்ளி வெட்ட வேண்டும். யாழ்ப்பாணம் சுண்ணாம்புக்கல் பூமி, குழி நீர் கல்லிடுக்கு வழியே கிணற்றுக்குப் போய்விடும்; 15 மீட்டர் தள்ளினாலும் போதாத இடம் உண்டு. எந்தக் கிணற்றில் எப்போது தண்ணீர் கரிக்கும் என்பது அந்தக் காணிக்காரருக்குத்தான் தெரியும், கொழும்பில் வரைபடம் போடுபவருக்கு அல்ல.

ஆனால் காணி இல்லாமல் காசு வராது. யாழ்ப்பாணத்தின் வலிகாமம் வடக்குப் பகுதியில் 1990இல் துரத்தப்பட்டவர்களின் நிலத்தை இராணுவம் வைத்துக்கொண்டது. வேறு இடங்களில் அடுத்தவர் குடியேறிவிட்டார். அடுத்தவர் காணியைப் பத்து ஆண்டு தடையின்றி அனுபவித்தால் அதைத் தனதென்று உரிமை கோரலாம் என்பது அந்நாட்டுச் சட்டம். போர்க்காலத்தை அந்தக் கணக்கில் சேர்க்காமலிருக்க 2016இல் தனிச் சட்டமே போட்டார்கள். உறுதி, அதாவது காணிப் பத்திரம், தொலைந்தவர் கதி? ஆகவே முதல் வேலை கண்ணிவெடி அகற்றுவது, அடுத்தது உறுதி, அதன்பிறகே செங்கல்.

கட்டிக் கொடுப்பதன் விலை நம்ம ஏரியாவுக்குத் தெரியாததா? இங்கே வேலை, அங்கே பெரும்பாக்கத்தில் அரசு கட்டித் தந்த வீடு. நடுவே 25 கிலோமீட்டருக்கு மேல்!

கணவரை இழந்த பெண் எப்படிக் கட்டுவாள் என்று கடைசியாகக் கேட்டார்கள். அவள் பெயரிலேயே உறுதி, அவள் கணக்கிலேயே தவணை, கூலிக்குத் தனியாக ஒரு தொகை, மேசனைக் கண்காணிக்க ஒரு மேற்பார்வையாளர். இந்த நான்கையும் கொடுத்துவிட்டு, அவளால் முடியுமா என்று கேளுங்கள். நன்றி, வணக்கம்.