கிட்டார் தலை கவிழுதா? எடை கட்டாதீங்க, முதல்ல இதப் பாருங்க!

[காட்சி: ஸ்ட்ராப்ல தொங்குற கிப்சன் எஸ்ஜி. ரெண்டு கையையும் விட்டதும் ஹெட் தரையைப் பார்த்துச் சரியுது.]

பாத்தீங்களா? கையை விட்டதும் தலை கீழ போயிடுச்சு. உங்க கிட்டாரும் இப்படின்னா, உங்க இடது கை வாசிக்கவும் செய்யுது, நெக்கைத் தாங்கவும் செய்யுது. பாவம் அந்தக் கை!

வணக்கம் மக்களே, மலேசியாவுல சுங்கை சிப்புட்லேர்ந்து பேசுறேன். நம்ம ஊர்க் கல்யாணத்துல, கோயில் திருவிழாவுல மணிக்கணக்கா நின்னு வாசிக்கிற தம்பி தங்கச்சிங்களுக்காகவே இந்த வீடியோ.

[காட்சி: செம்பனைத் தோட்டம். நீளக் கம்பு நுனியில அறுவாள்.]

ஏன் கவிழுது? செம்பனைக் குலை வெட்டுற கம்பைத் தூக்கிப் பாத்திருக்கீங்களா? நுனியில இருக்கிற அறுவாள் பெரிய எடையே இல்ல. கம்பு நட்டமா நிக்கிற வரைக்கும் சமாளிச்சிடலாம். கொஞ்சம் சாய்ஞ்சுதோ, தோளைப் பிய்ச்சு எடுத்துடும்! அறுவாள் அதே அறுவாள்தான். நம்ம கையிலேர்ந்து அது பக்கவாட்டுல விலகிப்போன தூரம்தான் கூடிடுச்சு. அதைத் தினமும் தூக்கி வெட்டுறவங்க கைக்கு இந்தக் கணக்கு நல்லாத் தெரியும், அவங்களுக்கு என் கும்பிடு. கிட்டார்ல அந்த அறுவாள் இடத்துல இருக்கிறது ஹெட்ல உள்ள ஆறு ட்யூனர், அதாவது கம்பியை முறுக்கிச் சுருதி சேர்க்கிற திருகுங்க.

இப்ப 1954ல வந்த ஃபெண்டர் ஸ்ட்ராட்டோகாஸ்டரைப் பாருங்க. பாடியிலேர்ந்து நீட்டிக்கிட்டிருக்கிற மேல் கொம்பு கிட்டத்தட்ட 12ஆவது ஃப்ரெட் (நெக்ல குறுக்கே இருக்கிற உலோகக் கோடு) வரைக்கும் நீளுது, ஸ்ட்ராப்போட முன் நுனியை மாட்டுற முன் பட்டன் அதோட நுனியில. அதனால நேரா நிக்குது. 1961ல வந்த எஸ்ஜி வடிவத்துல பாடி மெல்லிசு, முன் பட்டன் நெக் சேர்ற இடத்துல, பாடியோட முதுகுப் பக்கம். பட்டனுக்கு வெளிய நெக் ரொம்ப நீளுது, அதை இழுத்துப் பிடிக்க பாடியில போதுமான கனமும் இல்ல.

சிலர் பின்பக்கம் ஈயக்கட்டி ஒட்டச் சொல்வாங்க. எனக்கு இதுல உடன்பாடே இல்ல. அந்த எடையையும் உங்க தோள்தானே சுமக்கணும்? மூடின ட்யூனரைக் கழட்டிட்டு, பல்சக்கரம் வெளிய தெரியற லேசான ட்யூனர் போட்டா நுனி எடையே குறையும். ஆனா காசு ஆகும்.

முதல்ல ஸ்ட்ராப்பை மாத்துங்க. வழுவழு நைலான் தோள்ல சறுக்கும், அந்தச் சறுக்கல்லதான் தலை இறங்குது. உள்பக்கம் சொரசொரன்னு இருக்கிற தோல் ஸ்ட்ராப், 7, 8 சென்டிமீட்டர் அகலத்துல வாங்குங்க. சட்டையைப் பிடிச்சுக்கும், பாரமும் பரவும். நம்ம ஊர் புழுக்கத்துல வேர்வை ஊறிடும், அதனால வாசிச்சு முடிச்சதும் காத்தாடத் தொங்கவிடுங்க.

அப்பவும் கவிழ்ந்தா முன் பட்டனை மேல் கொம்புக்கு நகர்த்தலாம். துளை போடுறதுக்கு முன்னாடி கொம்புல ஒரு கயித்தைக் கட்டி ஸ்ட்ராப்பை மாட்டிப் பாருங்க. பலன் தெரிஞ்சா மட்டும் துளை. எஸ்ஜி கொம்பு ஓரத்துல மெல்லிசு. மரத்தோட கனத்தையும் ஸ்குரூ நீளத்தையும் அளக்காம கை வைக்காதீங்க, ப்ளீஸ்! ட்ரில் பிட்டுல ஆழத்துக்கு டேப் சுத்துங்க, ஸ்குரூவுக்குச் சோப்பு தடவுங்க. பழைய துளையில பல்குச்சியும் மரப்பசையும் வச்சு அடைச்சிடுங்க.

உங்க கிட்டார்ல முன் பட்டன் எங்க இருக்கு, கையை விட்டா என்ன ஆகுதுன்னு கமெண்ட்ல எழுதுங்க. எந்த மாடல்னும் சொன்னீங்கன்னா பாத்துப் பதில் போடுறேன்.