விளையாட்டே!

நடுவர் அவர்களே, "ஆங்கிலப் பெண் கவிஞர் ஸ்டீவி ஸ்மித்தின் கவிதையில் விஞ்சி நிற்பது வேதனையா, விளையாட்டா?" என்பது தலைப்பு. வேதனைதான் என்று எதிரணித் தலைவர் அவையையே கலங்க வைத்துவிட்டுப் போயிருக்கிறார். சின்ன வயதில் அப்பா கடலோடப் போய்விட்டார், பிள்ளை ஸ்டீவிக்குக் காசநோய், 16 வயதில் அம்மா இறந்தார், ஒரு பத்திரிகை நிறுவனத்தில் 30 ஆண்டு செயலாளர் வேலை. எல்லாம் உண்மை, ஒன்றையும் மறுக்கவில்லை. ஆனால் ஐயா, துயரம் இருந்தால் கவிதை வந்துவிடும் என்றால் ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்திருக்கிற அத்தனை பேரும் கவிஞர்களாகியிருக்க வேண்டுமே! துயரம் ஊருக்கெல்லாம் பொது. ஸ்டீவிக்கென்று தனியாக இருந்தது அந்தக் குறும்பு.

கவிதைகளைக் கொண்டுபோனபோது "போய் ஒரு நாவல் எழுதிக்கொண்டு வா" என்றார் ஒரு பதிப்பாளர். எழுதினார், ஆபீசில் கிடந்த மஞ்சள் தாளில். 1936இல் வந்த அந்த நாவலின் பெயரிலேயே மஞ்சள் தாளும் ஏறிக்கொண்டது. மறு ஆண்டு முதல் கவிதைத் தொகுப்பு. "அனைவரும் மகிழ்ச்சியாகப் பொழுதைக் கழித்தனர்" என்பது தலைப்பு. தேவாலயச் செய்தி மடலில் சுற்றுலா பற்றி எழுதுவார்களே, அந்த வரி!

சரி, எதிரணியின் துருப்புச்சீட்டுக்கு வருகிறேன். "கையசைக்கவில்லை, மூழ்கிக்கொண்டிருந்தேன்", 1957 தொகுப்பின் தலைப்புக் கவிதை. மொத்தம் 12 வரி. கடலில் ஒருவன் மூழ்குகிறான், கரையில் இருப்பவர்கள் கையசைத்து விளையாடுகிறான் என்று நினைத்துவிடுகிறார்கள். சோகம்தான். ஆனால் அடுத்து நடப்பதைப் பாருங்கள். "பாவம், எப்போதும் விளையாட்டுப் பிள்ளை. தண்ணீர் ரொம்பக் குளிர்ந்திருக்கும், இதயம் நின்றிருக்கும்" என்று இழவு வீட்டுத் திண்ணைப் பேச்சு ஓடுகிறது. படுத்திருக்கிற பிணம் குறுக்கிட்டு "இல்லை, இல்லை, இல்லை, எப்போதுமே குளிர்தான்" என்கிறது! தன் சாவுக்குக் காரணம் சொல்பவர்களைப் பிணமே திருத்துகிறது. வேதனை மட்டும் எழுதியிருந்தால் பிணம் பேசாமல் படுத்திருக்கும். ஆணைப் பற்றிய கவிதைக்குப் பக்கத்தில் ஈரக் கூந்தலோடு ஒரு பெண்ணை வேறு வரைந்து வைத்தார். 1960களில் மேடையேறியபோது கவிதைகளைத் தேவாலயப் பாட்டு மெட்டில், சுருதி விலக, பாடியும் காட்டினார். இளைஞர் கூட்டம் ரசித்தது. 1969இல் கவிதைக்கான பிரிட்டிஷ் அரசியின் தங்கப் பதக்கமும் வந்தது.

இன்னொன்று. பழைய ஆங்கிலக் கவிஞர் கோல்ரிட்ஜ் "குப்ளா கான்" எழுதும்போது போர்லாக் என்ற ஊரிலிருந்து ஓர் ஆள் வந்து கதவைத் தட்டினார், கவிதை பாதியில் நின்றது என்று இலக்கிய உலகமே வருந்துகிறது. ஸ்டீவி மட்டும், "கோல்ரிட்ஜ் ஏற்கெனவே கவிதையில் மேலே போக வழியில்லாமல் நின்றிருந்தார், ஆள் வந்தது வசதியாகப் போயிற்று" என்கிறார். அதோடு, அந்த ஆள் தன் வீட்டுக்கும் வந்து தன் யோசனைகளை நிறுத்த மாட்டாரா என்று ஏங்குகிறார். அது சாவை அழைக்கிற ஏக்கம் என்று நமக்குப் புரிகிறது. ஆனாலும் முதலில் சிரிப்புதான் வருகிறது, அதற்கு என்ன செய்ய?

நடுவர் மணியில் கை வைத்துவிட்டார். போர்லாக் ஆள் வந்துவிட்டார், ஐயா. உண்மையைச் சொன்னால் நானும் மேலே போக வழியில்லாமல்தான் நின்றிருந்தேன். நன்றி, வணக்கம்!