பாதி ஹெட்போனில் பாலித் தீவு இசை: நான் எழுதினது எல்லாம் தப்பு!

சரி மக்களே, இன்றைக்கு நேராக விஷயத்துக்கு வந்துவிடுகிறேன், ஏனென்றால் கோபமாக இருக்கிறேன். கோபம் பாதி, குஷி பாதி. இரண்டுக்கும் காரணம் ஒன்றுதான்.

போன வீடியோவில் சொன்னேன் இல்லையா, வகுப்பில் ஒரு வேலை கொடுத்திருக்கிறார்கள் என்று. உலகத்தின் வெவ்வேறு மூலைகளிலிருந்து பத்துப் பாரம்பரிய இசைப் பதிவுகளைக் கேட்க வேண்டும், ஒவ்வொன்றிலும் காதில் விழுந்ததை எழுத வேண்டும். முதலில் படித்துவிட்டு எழுதக் கூடாது, கேட்டதை மட்டும்தான் எழுத வேண்டும். அந்த நோட்டு திருத்தி வந்துவிட்டது. இந்தோனேசியாவின் பாலித் தீவில் பலர் சேர்ந்து வெண்கலக் கருவிகளை வாசிக்கிற கமெலான் பற்றி எழுதிய பக்கத்தில் சிவப்பு மையில் ஒரே ஒரு வரி: "மீதிப் பாதி எங்கே?"

மீதிப் பாதியா? கேட்டது 200 வார்த்தை. நான் எழுதியது 312. எண்ணிப் பார்த்தேன். சந்தேகம் வந்து மறுபடியும் எண்ணினேன், 312தான், தலைப்பைச் சேர்க்காமல். இதற்கு மேல் என்ன பாதி வேண்டும் என்று சண்டை போடுகிற நிலையில்தான் அன்றைக்கு முழுக்கச் சுற்றிக்கொண்டிருந்தேன்.

நான் எழுதினதை வாசிக்கிறேன், சிரிக்காதீர்கள். "வெண்கலப் பட்டைகளில் ஏதோ தட்டுகிறார்கள், நடுநடுவே விட்டுவிடுகிறார்கள், வாசிப்பவருக்குக் கை ஓய்ந்துவிட்டது போல. தவிர, ஒலி நடுங்கிக்கொண்டே இருக்கிறது. இது என் ஹெட்போன் கோளாறாக இருக்கலாம்."

இந்தக் கடைசி வரியை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

என் ஹெட்போன் உங்களுக்குத் தெரியும். கறுப்பு டேப் சுற்றினது, இடது பக்கம் கேட்காது. வீடியோ எடிட் பண்ணுவதற்கும் பாடம் கேட்பதற்கும் ஒரு காது போதும் என்று ஒரு வருஷமாக ஓட்டிக்கொண்டிருக்கிறேன். கமெண்டில் பாதிப் பேர் அதைத் தூக்கிப் போடச் சொல்லி எழுதுகிறீர்கள், எல்லாவற்றையும் படிக்கத்தான் செய்கிறேன். பத்துப் பதிவுகளையும் அந்த ஹெட்போனில்தான் கேட்டேன். வலது காதில் மட்டும்.

நேற்று ராத்திரி, கோபத்தில், அந்த வார்த்தை எண்ணிக்கைக்கு ஆதாரம் தேடுகிறேன் பேர்வழி என்று பாலிப் பதிவை மறுபடி போட்டேன். போனில் செருகியிருந்த ஹெட்போன் பின்னைக் கொஞ்சம் திருப்பினேன், கர் என்று ஒரு சத்தம், இடது காதில் திடீரென்று இன்னொரு ஆள்!

சத்தியமாக, யாரோ அறைக்குள் வந்துவிட்டார்கள் என்று திரும்பிப் பார்த்தேன். திரும்பினதும் ஒயர் நகர்ந்து அந்த ஆள் காணாமல் போய்விட்டார். அதற்கப்புறம் முக்கால் மணி நேரம் அவரைத் திரும்பக் கூட்டி வருவதிலேயே போனது. பின்னை முழுதாகச் செருகக் கூடாது, ஒரு நூலளவு வெளியே இருக்க வேண்டும், கால் சுற்று இடப்பக்கம் திருப்ப வேண்டும், ஒயர் மேல்நோக்கி வளைந்து நிற்க வேண்டும். வளைவுக்குக் கீழே ஒரு அழிரப்பரை முட்டுக் கொடுத்து, மேலே ரப்பர் பேண்ட் போட்டு, போனை மேஜையில் கவிழ்த்து வைத்து, கழுத்தைத் திருப்பாமல் உட்கார்ந்தால் கேட்கிறது. முதல் அழிரப்பர் பெரிதாகிவிட்டது. அதைப் பாதியாக வெட்டினேன். இந்த வருஷம் நான் சாதித்தது இதுதான், தயவுசெய்து கைதட்டுங்கள்.

அப்படிச் சிலை மாதிரி உட்கார்ந்து கேட்டபோதுதான் புரிந்தது, யாருடைய கையும் ஓயவில்லை. அந்த இசையே இரண்டு ஆளுக்காகப் பிரித்துப் போட்டது. கொத்தேகான் என்று பெயர். ஒருவர் வாசிப்பது போலோஸ், இன்னொருவர் வாசிப்பது சங்சி. போலோஸ் பெரும்பாலும் தாளத்தோடு ஒட்டிப் போகும், சங்சி அதன் சந்துகளில் புகுந்து புறப்படும், சேர்த்துக் கேட்டால் ஒரே ஆள் ஒரு கையால் வாசிக்கவே முடியாத வேகத்தில் ஒரே மெட்டு ஓடும். நான் கேட்ட பதிவில் போலோஸ் இடது பக்கம், சங்சி வலது பக்கம். அதாவது நான் சந்துகளில் புகுகிறவரை மட்டும் கேட்டுவிட்டு, ஏன் இவர் நடுநடுவே விட்டுவிடுகிறார் என்று 312 வார்த்தையில் புலம்பியிருக்கிறேன்.

மறந்துவிட்டேன், ஒன்று சொல்லணும். வீடியோவில் அவர்கள் கையைப் பாருங்கள். வலது கையில் சுத்தியல் மாதிரி ஒன்று, அதால் பட்டையை அடிக்கிறார்கள். இடது கை அந்த அடிக்குப் பின்னாலேயே ஓடி, அடித்த பட்டையை விரலால் கிள்ளி நிறுத்துகிறது. கிள்ளவில்லை என்றால் வெண்கலம் ஒலித்துக்கொண்டே இருக்கும், அடுத்த சுரத்தோடு குழம்பிவிடும். ஒரு கை சத்தம் போட, இன்னொரு கை அதை அடக்கிக்கொண்டே துரத்துகிறது. இதைப் பல பேர் ஒரே நேரத்தில் செய்கிறார்கள். நான் மேஜையில் இரண்டு ஸ்கேலை வைத்து முயற்சி பண்ணினேன், இடது கை வலது கையிடம் அடி வாங்கினதுதான் மிச்சம்.

இப்போது அந்தக் கடைசி வரி. நடுங்குகிற ஒலி. அது ஹெட்போன் கோளாறு இல்லவே இல்லை! கருவிகளை ஜோடி ஜோடியாகச் செய்து, ஒன்றைவிட இன்னொன்றைக் கொஞ்சம் உயரமாகவே சுருதி சேர்க்கிறார்கள், வேண்டுமென்றே. ஒரு பட்டை நொடிக்கு 400 முறை அதிர, அதன் ஜோடி 407 முறை அதிர்ந்தால், சேர்ந்து ஒலிக்கும்போது நொடிக்கு 7 முறை ஒலி ஏறி இறங்கும். அதற்கு ஓம்பாக் என்று பெயர், அலை என்று அர்த்தம். அந்த அலை இல்லையென்றால் கமெலான் உயிரில்லாமல் கேட்குமாம். ஆக, ஹெட்போன் செய்த தப்பை இசை மேல் போட்டேன், இசையின் அழகை ஹெட்போன் தலையில் கட்டினேன்.

இதற்கப்புறம் தூக்கம் வருமா? பத்தையும் முதலிலிருந்து போட்டேன், அழிரப்பர் உபயத்தில்.

ஜிம்பாப்வேயின் எம்பிரா. மரப்பலகையில் இரும்புப் பட்டைகள், கட்டைவிரல்களாலும் ஒரு சுட்டுவிரலாலும் மீட்டுவது. "பின்னால் ஒரே இரைச்சல், மோசமான பதிவு" என்று எழுதியிருந்தேன். அந்த இரைச்சல் பலகையில் கட்டியிருக்கிற சிப்பிகளோ பாட்டில் மூடிகளோ சேர்ந்து அதிர்கிறது, அதுவும் வேண்டுமென்றே. தம்புராவில் தந்திக்கும் அதைத் தாங்குகிற குதிரைக்கும் நடுவே நூலைச் செருகி ஜீவா பிடிக்கிறார்களே, அந்த ரீங்காரத்தை யாராவது இரைச்சல் என்பார்களா? நான் சொல்லியிருக்கிறேன், எழுத்தில், பெயர் போட்டு. அங்கேயும் இரண்டு பகுதி உண்டு, குஷௌரா, குட்சின்ஹிரா. ஒருவர் தொடங்குவார், மற்றவர் இடையில் கோத்துக்கொள்வார்.

தென் அமெரிக்காவின் ஆண்டீஸ் மலைப்பக்கத்து சிக்கு குழல் இன்னும் மோசம், அதாவது என் நிலைமை மோசம். டிட்டிகாக்கா ஏரியைச் சுற்றியிருக்கிற மக்கள் வாசிப்பது. வரிசையாகக் கட்டின குழாய்கள், ஆனால் ஒரு ஆளிடம் முழு சுர வரிசை இருக்காது. ஒருவரிடம் இரா, இன்னொருவரிடம் ஆர்க்கா, சுரங்கள் ஒன்றுவிட்டு ஒன்று இரண்டு பேருக்கும் பிரிந்திருக்கும். ஒரு மெட்டு வாசிக்க இரண்டு பேர் வந்தே ஆக வேண்டும், ஒருவருக்குக் காய்ச்சல் என்றால் அன்றைக்குப் பாட்டு பாதிதான்.

இதில் வேடிக்கை, இரண்டு பேர் இருந்த இடத்தில் எல்லாம் நான் ஒருவரைக் கேட்டேன், ஒருவர் இருந்த இடத்தில் இரண்டு பேரைக் கேட்டேன். மாலி நாட்டு கோராவுக்கு என்ன எழுதினேன் தெரியுமா? "இரண்டாவது கலைஞரின் பெயரைப் போடவில்லை, இது அநியாயம்." அது துமானி டியாபாத்தே 1988ல் வெளியிட்ட தனி ஆல்பம்! ஒரே மனிதர். பாதிச் சுரைக்குடுக்கையில் மாட்டுத்தோல் போர்த்தி, 21 தந்தி கட்டின கருவி, அதை மீட்டுவது நான்கே விரல், இரண்டு கட்டைவிரலும் இரண்டு சுட்டுவிரலும். கட்டைவிரல்கள் கீழே அடித்தளத்தைப் போட, சுட்டுவிரல்கள் மேலே சிதறிக்கொண்டே போகின்றன. அவர் 2024ல் இறந்துவிட்டார், நான் இப்போதுதான் கேட்க ஆரம்பிக்கிறேன். இந்த பத்தில் திரும்பத் திரும்பப் போடுவது இதைத்தான்.

ரஷ்யாவின் தூவா பகுதித் தொண்டைப்பாட்டிலும் அதே கதை. "பின்னால் யாரோ விசில் அடிக்கிறார்." யாருமில்லை. ஒரே தொண்டையிலிருந்து வரும் ஒலியில் ஏற்கெனவே ஒளிந்திருக்கிற மேல் சுரங்களில் ஒன்றை, நாக்கையும் உதட்டையும் குவித்துப் பெரிதாக்குகிறார்கள், அது விசில் மாதிரி தனியாகக் கேட்கிறது. நான் முயற்சி பண்ணி இரண்டு நாள் குரல் போன வீடியோவைப் பார்த்திருப்பீர்கள். அப்போதே ஒருத்தர் கமெண்டில் விளக்கியிருந்தார், நான்தான் நம்பவில்லை.

ஜப்பானின் ஷாகுஹாச்சி மூங்கில் குழல் எனக்கு உயிர். ஐந்தே துளை, ஊதுகிற மூச்சின் இரைச்சலும் இசையில் சேர்த்தி. ஆனால் அதைத் தேடினால் முதலில் வருவதெல்லாம் பின்னால் மழைச்சத்தமும் கீபோர்டும் ஒட்டிவைத்த மூன்று மணி நேரத் தூக்க வீடியோக்கள். அந்தக் குழலில் மௌனமும் ஒரு சுரம் மாதிரி, அந்த மௌனத்தில் கொண்டுபோய்த் தவளையைக் கத்தவிடுகிறார்கள்! இதைச் செய்கிறவர்களை எனக்குப் பிடிக்கவே பிடிக்காது. அதேபோல 'உலக இசை' என்கிற லேபிள். 1987ல் லண்டனில் சில இசைத்தட்டு நிறுவனங்கள் உட்கார்ந்து பேசி, கடையில் எந்த அடுக்கில் வைப்பது என்ற பிரச்சினைக்காக முடிவு பண்ணின பெயர். தூவாவும் மாலியும் பாலியும் ஒரே பெட்டியில். மற்ற இசையெல்லாம் எந்தக் கிரகத்திலிருந்து வருகிறதாம்?

ஸ்காட்லாந்து பேக்பைப்பும் கேட்டேன். மூன்று குழாய்கள் ஒரே சுருதியில் இடைவிடாமல் முழங்க, மேலே ஒன்பது சுரத்தில் மெட்டு. மரியாதையோடு சொல்கிறேன், அதற்கு ஒரு காதே அதிகம்.

முன்னாலேயே சொல்லிவிடுகிறேன், போனில் இரண்டு பக்க ஒலியையும் ஒரே காதுக்குச் சேர்த்து அனுப்புகிற செட்டிங் இருக்கிறது. தெரியும். இன்றைக்குக் காலையில் தெரிந்தது. அழிரப்பரை வெட்டின பிறகு.

பத்தாவதை நான் எழுதவே இல்லை, காலியாகக் கொடுத்துவிட்டேன். கனடாவின் வடக்கே வாழ்கிற இனுவிட் பூர்வகுடிப் பெண்களின் கதஜ்ஜாக் என்கிற தொண்டைப்பாட்டு. கேட்டபோது யாரோ மூச்சுத் திணறுகிற மாதிரி இருந்தது, பயந்து நிறுத்திவிட்டேன். நேற்று இரண்டு காதிலும் கேட்டேன், வீடியோவும் பார்த்தேன். இரண்டு பெண்கள் முழங்கைகளைப் பிடித்துக்கொண்டு முகத்துக்கு முகம் நிற்கிறார்கள். ஒருவர் தொண்டையிலிருந்து ஒரு குட்டிச் சந்தத்தைப் போடுகிறார், அது முடிவதற்குள் மற்றவர் அதன் இடைவெளியில் தன்னுடையதைப் போடுகிறார், மூச்சை விடும்போதும் ஒலி, இழுக்கும்போதும் ஒலி. யாருக்கு முதலில் மூச்சு முட்டுகிறதோ, யார் முதலில் சிரிக்கிறார்களோ, அவர் தோற்றார். விளையாட்டுதான் அது! பல பதிவுகள் சிரிப்பில் முடிவதற்குக் காரணம் இதுதான். ஒரு காதில் கேட்டால் சிரிப்புகூடப் பாதிதான் கேட்கும்.

இன்றைக்குத் தங்கச்சியைப் பிடித்து நிறுத்தினேன். ம்ஹும் என்று நான், ஹம் என்று அவள். பதினோரு நொடி தாக்குப்பிடித்தோம். முதலில் சிரித்தது அவள்தான், அவள் இல்லை என்பாள், வீடியோ என்னிடம் இருக்கிறது, இதோ போடுகிறேன், நீங்களே பாருங்கள்.