மேயர் வேட்பாளரை முதலிலேயே சொல்லுங்கள்

நேயர்களுக்கு வணக்கம். வார்டு தேர்தலில் வாக்களித்துவிட்டு, விரலில் மையோடு வெளியே வருகிறீர்கள். மேயராக யாரை நிறுத்தப் போகிறார்கள் என்று அப்போது தெரிந்திருக்க வேண்டாமா? 2022இல் பிப்ரவரி 19 வாக்குப்பதிவு, 22 எண்ணிக்கை. திமுக மேயர் வேட்பாளர் பட்டியலை வெளியிட்டது மார்ச் 3. மறுநாளே மேயர் தேர்தல். நாம் ஓட்டுப் போட்ட பிறகு வந்த பட்டியல் அது.

2011இல் மேயருக்குத் தனி வாக்கு, கவுன்சிலருக்குத் தனி வாக்கு. 2019 நவம்பரில் வந்த அவசரச் சட்டத்துக்குப் பிறகு கவுன்சிலர்கள் கூடித்தான் மேயரைத் தேர்ந்தெடுக்கிறார்கள். ஆகவே வார்டு வேட்புமனுவில்தான் மேயர் தேர்தல் தொடங்குகிறது. மாநகராட்சி வார்டுக்கு 2022இல் டெபாசிட் 4,000 ரூபாய். ஆதிதிராவிடர், பழங்குடியினருக்கு 2,000. கட்சி சார்பில் நிற்க மனு மட்டும் இருந்தால் போதாது, இவர்தான் எங்கள் வேட்பாளர் என்று கட்சி எழுதிக் கொடுக்கும் பி படிவம் வேண்டும். அது வராவிட்டால் கட்சிச் சின்னம் கிடையாது. மனு தள்ளுபடியானால் என்ன செய்வது என்றுதான் மாற்று வேட்பாளரும் மனு கொடுத்து வைக்கிறார்.

சரி, பெரும்பான்மை இருக்கிற கட்சி பெயரைச் சொல்லிவிட்டால் வேலை முடிந்ததா? திருநெல்வேலியைப் பாருங்கள். 55 வார்டு. 2022இல் திமுக மட்டும் வென்றது 44. மேயர் பதவி விலகியதால் 2024 ஆகஸ்ட் 5 அன்று மறுபடி தேர்தல். கட்சி அறிவித்தவர் ராமகிருஷ்ணன். எதிர்த்து மனு கொடுத்தவரும் திமுக கவுன்சிலரே. 54 பேர் வாக்களித்தார்கள். ராமகிருஷ்ணனுக்கு 30, எதிர்த்தவருக்கு 23, செல்லாதது ஒன்று. அந்த 23ஐக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். வாக்கு ரகசியம்; யார் போட்டது என்று கேட்க முடியாது. கட்சித் தாவல் தடைக்கான, அரசியல் சாசனத்தின் பத்தாவது அட்டவணை எம்.பி., எம்.எல்.ஏ.க்களுக்குத்தான், கவுன்சிலர்களுக்கு இல்லை. மேயர் பெயர் வாக்குப்பதிவுக்கு முன்பே ஊருக்குத் தெரிந்திருந்தால், வீடு வீடாக அந்தப் பெயரைச் சொல்லி ஓட்டுக் கேட்ட கவுன்சிலர் பிறகு மாற்றிப் போடத் தயங்குவார். அதனால்தான் திரும்பவும் சொல்கிறேன்: பெயரை முதலில் சொல்லுங்கள்.

கூட்டணிப் பங்கீட்டுக்கும் இதுவே பொருந்தும். கும்பகோணத்தில் 48 வார்டில் காங்கிரஸ் வென்றது இரண்டு. மேயர் பதவி காங்கிரசுக்குப் போனது. பங்கீடு தவறென்று சொல்லவில்லை. அதை ஓட்டுக்கு முன்பே அந்த ஊர் மக்களிடம் சொல்லியிருக்கலாம்.

இட ஒதுக்கீடு பற்றி விரிவாகப் பேச நினைத்தேன், நேரம் நெருங்கிவிட்டது. ஒன்று மட்டும். 2022இல் சென்னை மேயர் பதவி ஆதிதிராவிடர் பெண்களுக்கு. 200 வார்டில் அந்தப் பிரிவைச் சேர்ந்த பெண் கவுன்சிலர்கள் மட்டுமே மேயருக்கு நிற்க முடியும். 74ஆவது வார்டில் வென்ற பிரியா மேயரானது அப்படித்தான். இந்த ஒதுக்கீட்டு அரசாணை வேட்புமனுவுக்கு முன்பே வந்துவிடுகிறது. யார் யார் மேயராகலாம் என்று கட்சிகளுக்கு அன்றைக்கே தெரியும். வணக்கம்.