கடல் முழுக்க மீன் இருக்க, எலியை ஏன் காசு கொடுத்து வாங்கினார்கள்?

போன பதிவில், ஸ்பெயினிலிருந்து மகெல்லன் தலைமையில் கிளம்பி முதன்முதலில் உலகைச் சுற்றிய கடல் பயணத்தில், மாலுமிகள் பசி தாங்காமல் தோலையும் எலியையும் தின்ற கதையைச் சொல்லியிருந்தேன். அதைப் பார்த்துவிட்டு ஒரு கல்லூரி மாணவி கேட்டிருக்கிறார்: "சார், சுற்றிலும் கடல்தானே? தூண்டிலைப் போட்டு மீன் பிடித்திருக்கலாமே, ஏன் எலியைத் தின்றார்கள்?" மூன்று நாளாக இந்தக் கேள்வி என்னை விடவில்லை. இத்தனை வருஷமாக இந்தப் பயணத்தைப் பற்றிப் படிக்கிறேன், எனக்கு இது தோன்றவே இல்லை. ரொம்ப நல்ல கேள்வி அம்மா.

தூண்டில் இல்லாத குறை இல்லை. 1519-ல் கிளம்பும்போது ஏற்றிய சாமான் கணக்கில் தூண்டில் முள் மட்டும் ஆயிரக்கணக்கில் இருக்கிறது. தென் அமெரிக்காவின் கீழ்முனையில் நீரிணைக்குள் (இரண்டு கடலை இணைக்கும் குறுகிய நீர்வழி) இருந்தபோது மீன் பிடித்தும் இருக்கிறார்கள். மத்தி கிடைத்த ஓர் ஆற்றுக்கு மத்தி ஆறு என்றே பெயர் வைத்தார்கள். 1520 நவம்பர் 28 அன்று நீரிணையைத் தாண்டிப் பசிபிக்குக்குள் வருகிறார்கள். ஐந்து கப்பலில் மூன்றுதான் மிச்சம். ஒன்று உடைந்துபோனது, ஒன்று நழுவி ஸ்பெயினுக்குத் திரும்பிவிட்டது. மூன்றிலும் சேர்த்து 150 பேருக்கு மேல்.

பல வருஷத்துக்கு முன் தூத்துக்குடியில் ஒரு மீனவப் பெரியவரோடு பேசிக்கொண்டிருந்தேன். "தண்ணி இருக்கிற இடமெல்லாம் மீன் இருக்காதுய்யா, பார் இருக்கிற இடத்துலதான் நிக்கும்" என்றார். பார் என்றால் கடலுக்கடியில் இருக்கும் பாறைத்திட்டு. அவர் சொன்னதுதான் இதற்குப் பதில். மீனுக்கு இரை வேண்டும், அந்த இரைக்கு நுண்பாசி வேண்டும், நுண்பாசிக்கு உரம் வேண்டும். உரம் ஆற்றோடு வரும், அல்லது அடியில் இருக்கும் தண்ணீர் மேலே கிளம்பும் இடத்தில் கிடைக்கும். கரையை விட்டு வெகுதூரம் போன தென் பசிபிக்கின் நடுப்பகுதிதான் உலகத்திலேயே இந்தச் சத்து மிகக் குறைந்த கடல். தண்ணீர் கண்ணாடி மாதிரி தெளிவாக இருக்கும், அதற்குள் உயிர் குறைவு. பிப்ரவரியில் ஒரு சின்னத் தீவை ஒட்டிப் போகும்போது சுறா கிடைத்தது. அதற்குச் சுறாத் தீவு என்று பெயர். பாருங்கள், அங்கேயும் நிலம் பக்கத்தில் இருந்தபோதுதான் மீன்.

சரி, எலிக்கு வருகிறேன். கப்பலில் கூடப் போன இத்தாலியர் அந்தோனியோ பிகாஃபெட்டா எழுதிவைத்திருக்கிறார்: மூன்று மாதம் இருபது நாள் புதிய உணவே இல்லை. கப்பல் ரொட்டி புழுத்து மாவாகிவிட்டது, எலி மூத்திர நாற்றம் அடித்தது. தண்ணீர் மஞ்சளாகி அழுகியிருந்தது. பாய் கட்டும் குறுக்குமரத்தை நம் ஆட்கள் பருமல் என்பார்கள். கயிறு உரசி அறுந்துவிடாமல் இருக்க அதில் மாட்டுத்தோல் சுற்றியிருப்பார்கள். வெயிலிலும் மழையிலும் கிடந்து மரக்கட்டையாகிப்போன அந்தத் தோலை நாலைந்து நாள் கடலில் ஊறப்போட்டு, தணலில் வாட்டித் தின்றார்கள். எலி ஒன்று அரை டுக்காட்டுக்கு (டுக்காட் என்பது அன்றைய தங்கக் காசு) விற்றது, அந்த விலைக்கும் கிடைக்கவில்லை என்கிறார்.

இந்த அரை டுக்காட்டைப் பற்றி முன்பே ஒரு முறை சொல்லியிருக்கிறேன், மறுபடியும் சொல்கிறேன், ஏனென்றால் எல்லாரும் இதைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். ஒரு டுக்காட் என்பது 375 மரவேதி, மரவேதி என்பது ஸ்பெயினின் சில்லறைக் காசு. அப்படியானால் எலி ஒன்று கிட்டத்தட்ட 187 மரவேதி. முழு மாலுமிக்கு மாதச் சம்பளம் 1200, அவனுக்கு எலி என்பது ஐந்து நாள் கூலி. கப்பலில் ஏவல் வேலை பார்த்த சிறுவர்களுக்கு மாதம் 500. அவர்களுக்கு அது பதினோரு நாள் கூலி. பதினோரு நாள் உழைப்புக்கு ஓர் எலி!

பசி மட்டும் இல்லை, நோயும் வந்தது. ஈறு வீங்கிப் பல்லையே மூடிவிட்டது, வாயில் எதையும் வைக்க முடியாமல் செத்தார்கள் என்றும் பிகாஃபெட்டா எழுதுகிறார். ஸ்கர்வி. வைட்டமின் சி இல்லாமல் வருவது. பத்தொன்பது மாலுமிகள் அப்படிப் போனார்கள். மனித உடம்பு வைட்டமின் சி-யைத் தானே செய்துகொள்ளாது, எலியின் உடம்பு செய்துகொள்ளும். அதனால் எலி தின்றவனுக்குக் கொஞ்சமாவது அது கிடைத்திருக்கும். தெரியாமலேதான் வாங்கினார்கள், ஆனால் வாங்க முடிந்தவனுக்குத்தான் அதுவும்.

மீனைப் பற்றிக் கேட்டீர்கள் அம்மா. என்னைக் கேட்டால், அந்தச் சிறுவர்களைப் பற்றித்தான் நாம் அதிகம் கேட்க வேண்டும். ஸ்பானியக் கப்பல்களில் அரை மணிக்கு ஒரு தடவை மணல் கடிகாரத்தைத் திருப்பிவைப்பது அவர்கள் வேலை. திருப்பும்போது பாட்டாக ஒரு வேண்டுதல் சொல்வார்கள். ராத்திரி எல்லாரும் தளத்துப் பலகையில் படுத்திருக்க, அந்தக் குரல் கேட்டால்தான் பையன் விழித்திருக்கிறான் என்று தெரியும். ஒரு நாளைக்கு 48 தடவை. தளத்தைக் கூட்டுவது, சாப்பாட்டுக்குக் கூப்பிடுவது எல்லாம் அதற்கு மேல். எலி விற்ற அந்த மாதங்களிலும் மணல் விழுந்துகொண்டுதானே இருந்திருக்கும்? வயிறு ஒட்டிப்போன எந்தப் பையன் அதைத் திருப்பினான், எதைக் கொடுத்து எதை வாங்கித் தின்றான்?

1522 செப்டம்பர் 6 அன்று விக்டோரியா என்ற ஒரே கப்பல், புறப்பட்ட ஸ்பெயினின் சான்லூகார் துறைமுகத்துக்கே திரும்பி வந்தது. ஏறத்தாழ 240 பேர் கிளம்பிய பயணத்தில் அதில் வந்த ஐரோப்பியர் 18 பேர். செவில் நகரில் இறங்கியதும் சட்டையோடும் வெறுங்காலோடும், கையில் மெழுகுவர்த்தி ஏந்தி, நேர்ந்துகொண்ட கோயிலுக்கு நடந்தார்கள். அந்தப் பதினெட்டுப் பேர் பட்டியலில் ஒரு பெயர் ஹுவான் தே சுபிலேதா. பரகால்டோ ஊர்க்காரன். அவன் பெயருக்கு எதிரே எழுதியிருக்கும் வேலை: கப்பலின் ஏவல் பையன்.