லண்டன் சிஸ்டம்: பலகையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு கேளுங்கள்

பாம்பன், தங்கச்சிமடம், மண்டபம், கீழக்கரைப் பக்கமிருந்து கேட்டுக்கொண்டிருக்கும் எல்லாருக்கும் வணக்கம். மீன்பிடித் தடைக்காலம் நடக்கிறது, ஏப்ரல் 15 தொடங்கி ஜூன் 14 வரை விசைப்படகுகள் கரையில்தான் நிற்கும், பள்ளிக்கூடமும் லீவு. அப்பாவும் பிள்ளைகளும் வீட்டில் ஒன்றாக இருக்கிற நாட்கள், செஸ் கற்றுக்கொள்ள இதைவிட நல்ல நேரம் கிடைக்காது. பக்கத்தில் கோச் இல்லாத பிள்ளைகளுக்கு வெள்ளைக் காயில் முதலில் எதைச் சொல்லித் தரலாம் என்று கேட்டால், நான் தயங்காமல் லண்டன் சிஸ்டம் என்பேன், அதாவது ஆட்டத்தின் தொடக்கத்தில் காய்களை அடுக்கும் ஒரு முறை.

பலகை இருந்தால் எடுத்து வையுங்கள். வெள்ளைப் பக்கம் உட்கார்ந்து பார்த்தால் இடமிருந்து வலமாக ஏ முதல் எச் வரை, கீழிருந்து மேலாக 1 முதல் 8 வரை, அப்படித்தான் கட்டங்களுக்குப் பெயர். ராணிக்கு முன்னால் உள்ள சிப்பாயை இரண்டு கட்டம் தள்ளுங்கள், அது டி4. அடுத்து ராணிப் பக்கத்து மந்திரியை, அதாவது பிஷப்பை, எஃப்4-க்குக் கொண்டு வாருங்கள். அதன் பிறகுதான் இ3 தள்ள வேண்டும், முந்தித் தள்ளினால் மந்திரி உள்ளேயே மாட்டிக்கொள்ளும். அப்புறம் குதிரை எஃப்3, சிப்பாய் சி3, இன்னொரு குதிரை டி2, மற்ற மந்திரி டி3, பிறகு ராஜாவையும் யானையையும் ஒரே நகர்த்தலில் மாற்றி வைக்கும் காஸ்லிங். இப்போது சிப்பாய்களைப் பாருங்கள்: டி4 உச்சியில், சி3-யும் இ3-யும் இரண்டு பக்கமும், ஓலைக் கொட்டகையின் கூரை மாதிரி நிற்கும். எதிராளி சி5 தள்ளி டி4-ஐ வெட்டினால் பெரும்பாலும் இ3 சிப்பாயால் திரும்ப வெட்டுங்கள், நடுவில் சிப்பாய் அப்படியே இருக்கும், இ வரிசையும் யானைக்குத் திறந்துகொள்ளும்.

1922-இல் லண்டனில் நடந்த, அப்போதைய உலக சாம்பியன் கபாபிளாங்கா ஜெயித்த போட்டியிலிருந்து வந்த பெயர் இது. சின்னப் பிள்ளைகள் ஆட்டம் என்று சிலர் சொல்வதை நான் ஏற்கவே மாட்டேன். 2023 உலக சாம்பியன்ஷிப்பில் ஆறாவது ஆட்டத்தில் சீனாவின் டிங் லிரன் இதைத்தான் ஆடி ரஷ்யாவின் நெபோம்னியாச்சியை ஜெயித்தார். அடுத்த வருஷம் சிங்கப்பூரில் நம்ம குகேஷுக்கு எதிராகவும், அதுவும் ஆறாவது ஆட்டத்தில்தான், ஆடிப் பார்த்தார். குகேஷ் டிரா செய்தார்.

ஆனால் ஒரு விஷயத்தில் கறாராகச் சொல்கிறேன். எதிராளி என்ன செய்கிறார் என்று பார்க்காமல் மனப்பாடமாக அடுக்கினால் இந்த ஆட்டம் கைகொடுக்காது. மந்திரி சி1-ஐ விட்டு வந்துவிட்டதால் பி2 சிப்பாய்க்குக் காவல் இல்லை, விவரம் தெரிந்தவர்கள் சி5 தள்ளிவிட்டு ராணியை பி6-இல் வைத்து அங்கேதான் அடிப்பார்கள். பயப்படாமல் உங்கள் ராணியை பி3-இல் வையுங்கள். அவர் ராணியை வெட்டினால் ஏ சிப்பாயால் திரும்ப வெட்டுங்கள், ஏ வரிசை உங்கள் யானைக்குத் திறந்துவிடும். அதேபோல, எதிராளியின் குதிரை எச்5-க்கு வந்து உங்கள் மந்திரியைத் துரத்தும். முன்கூட்டியே எச்3 தள்ளி வைத்திருந்தால் மந்திரி எச்2-இல் போய் ஒதுங்கிக்கொள்ளும். கறுப்பு ஜி6 தள்ளி மந்திரியை ஜி7-இல் வைத்தால், உங்கள் டி3 மந்திரிக்கு முன்னால் சுவர் வந்துவிடுகிறது, அப்போது அதை இ2-இல் வைப்பதே மேல்.

சரி, இவ்வளவு கட்டிவைத்து எப்படி ஜெயிப்பது? குதிரையை இ5-இல் ஏற்றுங்கள், டி4 சிப்பாயும் எஃப்4 மந்திரியும் அதைத் தாங்கும். இல்லையென்றால் நேரம் பார்த்து இ4 தள்ளி நடுவைத் திறங்கள். இன்னொன்றும் இருக்கிறது, பிள்ளைகளுக்கு ரொம்பப் பிடிக்கும். கறுப்பு ராஜா காஸ்லிங் செய்து உட்கார்ந்திருக்கிறார், எஃப்6 குதிரை அங்கே இல்லை, ஜி5 கட்டத்துக்கும் கறுப்பின் காவல் இல்லை என்றால், டி3 மந்திரியால் எச்7 சிப்பாயை வெட்டிச் செக் கொடுங்கள். ராஜா மந்திரியை வெட்டினால் எஃப்3 குதிரை ஜி5-க்குப் போய்ச் செக், பின்னாலேயே ராணி எச்5-க்கு. எல்லா நிலையிலும் பலிக்காது, ராஜா ஜி6-க்கு ஏறி வந்தால் என்ன ஆகும் என்று கணக்குப் போட்டுவிட்டுத்தான் மந்திரியைக் கொடுக்க வேண்டும். இன்றைக்கு ராத்திரி அப்பாவைக் கறுப்பு எடுக்கச் சொல்லி, அந்த நிலையை மட்டும் வைத்து மாற்றி மாற்றி ஆடிப் பாருங்கள்.